அத்தியாயம் 11: மஞ்சள் துணியில் முடிந்த காசு

திருட வந்தவன் வெள்ளிக் குத்துவிளக்கைத் தொடவில்லை. பீரோவைத் திறக்கவில்லை. சமையல்கட்டில் கழற்றி வைத்திருந்த தங்க வளையல் வைத்த இடத்திலேயே இருந்தது. பூஜை அலமாரியை மட்டும் குப்புறக் கவிழ்த்து, சாமி படங்களுக்குப் பின்னால்கூடக் கைவிட்டுத் துழாவிவிட்டு, வந்த வழியே போயிருக்கிறான்.

“ரொம்ப பக்தியான ஆளா இருக்கான் அண்ணே,” என்றான் ஆல்வின். “விபூதி கெடைக்கலைன்னு கோவிச்சுட்டுப் போயிட்டான் போல.”

சுப்புராஜ் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று ஆல்வினும் எதிர்பார்க்கவில்லை. ராஜபாளையத்தில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி வைத்திருக்கிறவர் சுப்புராஜ். அவருக்குக் காரோட்டுவது, டீ வாங்குவது, வேண்டாத இடத்தில் வாயைத் திறப்பது ஆகிய மூன்றும் ஆல்வினின் வேலை. மூன்றாவதை அவன் சம்பளம் இல்லாமலே செய்து வந்தான்.

வீட்டுக்காரி மகாலட்சுமி கவிழ்ந்து கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வளையலும் ரிப்பனும் விற்கிற பேன்சி ஸ்டோர் அவளுடையது. காலையில் கடை திறக்கப் போனவள், பூட்டுச் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது இந்தக் கோலம். பின்பக்க ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. உடைந்த விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

அவளுடைய ஒரே மகள் மாரிசெல்வி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி வைத்திருக்கும் பொன்மணியின் மகன் சதீஷுக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்று மாதத்துக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய் வரும் ஒரு சொகுசுக் கப்பலில் ஏறினார்கள். இறங்கும்போது சதீஷ் மட்டும் இறங்கினான். விடியற்காலையில் பால்கனியில் நாற்காலி போட்டு ஏறி நின்று செல்பி எடுத்தாள், தவறி விழுந்துவிட்டாள், நான் பாத்ரூமில் இருந்தேன் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தான். அதற்கு மேல் கேட்பதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை. கடல் சாட்சி சொல்ல வராது.

ஆனால் அவர்கள் அறையிலிருந்த இரண்டு லைப் ஜாக்கெட்டில் ஒன்றைக் காணோம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மகாலட்சுமி இத்தனை நாளும் உயிரோடு மிதந்துகொண்டிருந்தாள்.

“எம் புள்ள அதைப் போட்டுட்டுத்தான் விழுந்திருக்கா தம்பி,” என்றாள் இப்போதும். “எந்த ஊரு மீன்பிடிக்காரவியளோ கரை சேத்திருப்பாவ. பேரு ஊரு மறந்து கெடப்பா. நீங்க தேடுறதை நிப்பாட்டிராதிய.”

மகளைத் தேடித் தரச் சொல்லித்தான் அவள் சுப்புராஜிடம் வந்திருந்தாள். கடலோர ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டுப் போட்டு, இப்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாத நிலைக்கு சுப்புராஜ் வந்திருந்தார். அதனால் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த ஆணி ஏன் அக்கா வெறுமனே இருக்கு? இதுல என்ன மாட்டியிருந்துச்சு?”

மகாலட்சுமி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். “இதைத்தான் தொங்க விட்டிருந்தேன். கடைக்குப் போகும்போது தனியா விட்டுட்டுப் போக மனசு வராது. போன வாரத்துல இருந்து கூடவே கொண்டு போறேன்.”

“என்னது அண்ணே, பச்சிலை மருந்தா?” என்றான் ஆல்வின். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனுக்குத் தெரிந்த நேர்ச்சை எல்லாம் மெழுகுவர்த்தியோடு சரி.

“தூர தொலைவுக்குப் போறவங்க பத்திரமாத் திரும்பி வரணும்னு சாமிக்கு நேந்து, மஞ்சத் துணியில ஒரு ரூபாயை முடிஞ்சு வைக்கிறது. போனவங்க வந்ததும் அவுத்து உண்டியல்ல போடணும். வர்ற வரைக்கும் முடிச்சை அவுக்கக் கூடாது,” என்றார் சுப்புராஜ்.

“அப்போ உள்ள இருக்கிறது ஒரு ரூவாயா? ஒரு ரூவாய்க்கா கண்ணாடிய ஒடைச்சுக் கையக் கிழிச்சுக்கிட்டான்? திருட்டுத் தொழிலும் அம்புட்டு படுத்துப் போச்சா?”

“இது யாரு முடிஞ்சது அக்கா?”

“சம்பந்தியம்மாதான். எம் புள்ளைக்குத் தண்ணின்னா பயம். கெணத்தை எட்டிப் பாக்க மாட்டா. கப்பலுக்கு வர மாட்டேன்னுதான் சொன்னா. பொன்மணி மதினி பூஜை ரூமுக்குள்ள போயி, ஆளுக்கொண்ணா ரெண்டு முடிச்சு முடிஞ்சு கொண்டாந்து எங்க கண்ணு முன்னாடி மாட்டுனாவ. அய்யனாருக்கு நேந்துட்டேன் தாயி, நீ தெம்பாப் போயிட்டு வான்னாவ. அதைப் பாத்த பொறவுதான் அவ பெட்டியவே எடுத்தா.” மகாலட்சுமி முடிச்சை உள்ளங்கையால் மூடினாள். “சேதி வந்த அன்னிக்கு அம்புட்டு சனத்துக்கும் முன்னாடி அவிய வீட்டு ஆணியில இருந்து நான் எடுத்துட்டு வந்துட்டேன். அப்போ ஒண்ணும் சொல்லல. பொறவு ரெண்டு தடவை கேட்டு விட்டாவ, சாமி குத்தம் ஆகும், திருப்பிக் குடுன்னு. நான் குடுக்கல. அவ வந்து அவுக்கட்டும்.”

சுப்புராஜ் கையை நீட்டினார். செத்த நேரம் தயங்கிவிட்டுத்தான் அவள் கொடுத்தாள்.

ஆல்வினும் எட்டிப் பார்த்தான். பேண்டேஜ் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து, மஞ்சளில் நனைத்து, இறுக்கி முடிந்திருந்தது. ஒரு பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. வட்டமாக ஓடி, நடுவில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்தது.

“குங்குமம் பட்டுருச்சா?” என்றான்.

“கும்பிட்டுக் கும்பிட்டு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சத்தண்ணி தெளிக்கிறேன். காஞ்சு போகக் கூடாதுல்ல.”

சுப்புராஜ் அந்தக் கறையின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அவர் முகம் போன போக்கு ஆல்வினுக்குப் பிடிக்கவில்லை.

“பாப்பா கப்பல்ல இருந்து பேசி அனுப்பினதை இன்னொரு தடவை போடுங்க அக்கா.”

மகாலட்சுமி போனை எடுத்தாள். எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை, விரல் நேராகப் போய் நின்றது. மாரிசெல்வியின் குரல் அறைக்குள் வந்தது.

“அம்மா, இங்க எல்லாத்தையும் நிக்க வச்சுப் பாடம் எடுத்தாங்க. சைரன் அடிச்சா எங்க கூடணும்னு காட்டிட்டாங்க. பால்கனிக் கம்பியில சாயக் கூடாதாம், நாற்காலிய அது பக்கத்துல இழுத்துப் போடக் கூடாதாம். நான் நாற்காலிய ரூமுக்குள்ளயே தூக்கிப் போட்டுட்டேன். யாரு கதவைத் தட்டுனாலும் ஓட்டை வழியாப் பாத்துட்டுத்தான் தெறக்கணுமாம். ஈரத் தரையில பாத்து நடக்கணுமாம். நீ பயப்படாத. நீ சொன்ன மாதிரி ஜாக்கெட்டைத் தலைமாட்டுலயே வச்சிருக்கேன். அவரு சிரிக்கிறாரு.”

அதோடு முடிந்தது. கப்பல்காரர்கள் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் அந்தப் பெண் கடைப்பிடித்திருக்கிறாள். கம்பிக்கு, ஈரத் தரைக்கு, கதவைத் தட்டும் அந்நியனுக்கு எல்லாம் விதி இருந்தது. உள்ளே கூடவே படுத்திருக்கிறவனுக்கு விதி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை.

“ராஜபாளையம் போவோம்,” என்றார் சுப்புராஜ். “அக்கா, நீங்களும் வாங்க. முடிச்சையும் எடுத்துக்கோங்க.”

வாசலில் கார்க் கதவைத் திறந்த ஆல்வினின் கையில் அவர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். “இது துருப் பிடிச்சு நீ பாத்திருக்கியா?”

“எங்கிட்ட ஒரு நாள் தங்குனாத்தானே அண்ணே துருப் பிடிக்கிறதுக்கு.”

“யோசிச்சுச் சொல்லு.”

ஆல்வின் யோசித்தான். மழையில் கிடந்து எடுத்தது, வேட்டி மடிப்போடு துவைத்தது, கிணற்றில் விழுந்து தூர் வாரும்போது கிடைத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. அழுக்காகியிருந்தன. துருவேறிப் பார்த்ததில்லை. சொன்னான். சுப்புராஜ் தலையை ஆட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

* * *

பொன்மணியின் வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசல் நிலையில் அடித்த பச்சைப் பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. மருமகள் கடலோடு போய் மூன்று மாதத்தில் வீடு இப்படிப் பளபளப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். வேறொரு பெண் வீட்டார் பார்க்க வருகிறார்கள்.

பக்கத்து ஷெட்டில் பவர்லூம்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஜெயபாண்டி, மகாலட்சுமியைக் கண்டதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். கொண்டு போவதற்குள் ஆல்வின் பார்த்துவிட்டான். முழங்கை வரை கட்டு.

“பேண்டேஜ் கம்பெனியில வேலை பாத்தா இது ஒரு வசதி ஏலே,” என்றான் ஆல்வின். “கண்ணாடி குத்துனாலும் கட்டுப் போடக் கடைக்கு அலைய வேண்டாம்.”

ஜெயபாண்டியின் முகம் வெளிறியது. சுப்புராஜ் நிற்காமல் உள்ளே போனார்.

பொன்மணி ஆடி அசைந்து எழுந்து வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்து நிறைய நகை. பின்னால் சதீஷ் நின்றான். தாடி வளர்த்திருந்தான். துக்கத்துக்கு வளர்த்த தாடி ஓரம் வெட்டி ஒழுங்காக இருந்தது.

“வா மதினி. எதுக்கு வெயில்ல அலையுத? சொல்லி விட்டா காரு அனுப்பியிருப்பேன்.”

“உங்க காருதான் காலையிலேயே அக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போச்சு போலயே,” என்றார் சுப்புராஜ். “டிரைவர் கையைப் பாத்தோம். கண்ணாடியில இருக்கிற ரத்தம் யாருதுன்னு போலீஸ் சொல்லிரும். அதை விடுங்க. இந்த முடிச்சு மேல உங்களுக்கு ஏன் இம்புட்டு ஆசைன்னு கேக்கத்தான் வந்தோம்.”

பொன்மணி ஒரு நொடிதான் தடுமாறினாள். “ஆமா, நாந்தான் அனுப்புனேன். எங்க சாமிக்கு முடிஞ்சது. போனவ போயிட்டா, இனி அதை ஆத்துல விடணும். கேட்டா குடுக்க மாட்டேங்கா. வீட்டுல நல்லது கெட்டது நடக்க வேண்டாமா?”

“சதீஷுக்கு முடிஞ்சது?”

“அவன் வந்த மறுநாளே அய்யனார் கோவிலுக்குப் போயி உண்டியல்ல சேத்தாச்சு. சாமி காரியத்துல நான் ஒரு குறை வைக்க மாட்டேன். ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க.”

“கேட்க வேண்டாம், நம்புறேன்,” என்றார் சுப்புராஜ். “அந்த நம்பிக்கையிலதான் சொல்றேன். இந்த முடிச்சை இங்கயே அவுத்துப் பாத்துருவோம்.”

“கூடாது,” என்றாள் பொன்மணி.

“வேண்டாம் தம்பி,” என்றாள் மகாலட்சுமி.

ஒரே நேரத்தில் வந்தன இரண்டும். ஆல்வின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மகாலட்சுமி முடிச்சை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். “அவ வாரதுக்கு முன்னாடி அவுத்தா, அவ வர மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். என்னைய அதைச் செய்யச் சொல்லாதிய.”

“மதினி சொல்லுதாள்ல. அது சாமி குத்தம்,” என்றாள் பொன்மணி அவசரமாக. மகாலட்சுமி பக்கம் அவள் இத்தனை அன்பாக நின்று ஆல்வின் பார்த்ததில்லை.

சுப்புராஜ் மகாலட்சுமியின் முன்னால் போய் நின்றார். இந்த முறை முகத்தைப் பார்த்தே பேசினார்.

“அக்கா, நீங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சத்தண்ணி தெளிச்சிய. அதுதான் இந்தக் கறையைக் கொண்டாந்திருக்கு. ரூபாய்க் காசு துருப் பிடிக்காது. இது துரு. இன்னொண்ணும் பாருங்க. கறை வட்டமா இருக்கு, நடுவுல இல்ல. காசுன்னா நடுவுல ஓட்டை ஏது?”

மகாலட்சுமி குனிந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே முடிச்சில் நகத்தை வைத்தாள். மூன்று மாதம் ஈரத்தில் இறுகிய முடிச்சு லேசில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பொன்மணி ஒரு அடி முன்னால் வந்தாள். ஆல்வின் குறுக்கே நின்றுகொண்டான். சட்டைப் பையில் அவன் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

துணி விரிந்தது. தரையில் விழுந்து உருண்டு, சதீஷின் காலடியில் போய்ப் படுத்தது ஒரு இரும்பு வாஷர். பவர்லூமில் போல்ட்டுக்கு அடியில் போடுகிற வட்டத் தகடு, ரூபாய் அளவு, நடுவில் ஓட்டை. பக்கத்து ஷெட்டில் டப்பா டப்பாவாக இருக்கும்.

“காசு கைவசம் இல்லாம இருந்திருக்கும்,” என்றாள் பொன்மணி. குரல் அவளுடையதாக இல்லை. “அவசரத்துல...”

“மகனுக்கு மட்டும் இருந்துச்சா?” என்றார் சுப்புராஜ். “ரெண்டையும் ஒரே நேரத்துல முடிஞ்சிருக்கிய. ஒண்ணுல ரூபாய். ஒண்ணுல தகடு. போலீசுக்குப் பொய் சொல்லலாம், சம்பந்திக்குச் சொல்லலாம். சாமிக்குச் சொல்ல உங்களுக்கு மனசு வரல. வரப்போறவனுக்குக் காசு முடிஞ்சிய. வராதவளுக்குத் தகடை முடிஞ்சிய. கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடியே யாரு வரப்போறா, யாரு வர மாட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பொன்மணி அந்த வாஷரைப் பார்த்தாள். மகாலட்சுமியைப் பார்த்தாள். அவள் கண்ணில் வெட்கம் வரும் என்று ஆல்வின் காத்திருந்தான். வந்தது கோபம்.

“ஆறு வருசமா அவ வயித்துல ஒண்ணு தங்கல. தன்மையாத்தான் சொன்னேன், விலகிப் போயிருன்னு. கோர்ட்டுக்குப் போனாலும் போக மாட்டேன்னா. எங்குடும்பம் அத்துப் போகணுமா?” மூச்சு வாங்கினாள். “முடிச்சைப் பாத்தாத்தான் கப்பல் ஏறுவேன்னு நின்னா. நான் என்ன செய்ய? நெசமாவே காசை முடிஞ்சா அய்யனார் அவளைக் காப்பாத்திக் கொண்டாந்துருவாருல்ல. அவரு சக்தி உங்களுக்குத் தெரியாது.”

“யம்மா, வாய மூடு,” என்றான் சதீஷ்.

தாமதமாகிவிட்டது. ஆல்வின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காலையில் ஒரு ரூபாய் என்று தான் அடித்த கிண்டல் ஞாபகம் வந்து வாய் கசந்தது. அந்த ஒரு ரூபாயைக்கூட அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை இவர்கள்.

சதீஷ் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். “நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அம்மாதான்...” என்று தொடங்கினான். பொன்மணி அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். கட்டிய பெண்டாட்டியைக் கடலில் போட்டவன், அம்மா முறைத்ததற்குப் பயந்தான். சுப்புராஜ் வாசலுக்குப் போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்யத் தொடங்கினார்.

மகாலட்சுமி அழவில்லை. பிரிந்த மஞ்சள் துணியை நான்காக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்தாள். பிறகு மருமகன் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கடைக்கு வருகிற பிள்ளைகளிடம் கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஜாக்கெட்டு ஒண்ணக் காணோமே. அவ போட்டிருந்தாளா?”

ஆல்வினுக்குப் புரிந்தது. தகடு விழுந்தும், பொன்மணியின் வாயிலிருந்தே எல்லாம் வந்தும், அவள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தள்ளி விட்டிருக்கலாம். ஆனாலும் மிதந்திருக்கலாம். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதேடா, தெரியாது என்றாவது சொல்லடா என்று ஆல்வின் மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

சதீஷ் நிமிரவில்லை.

“போட்டுட்டேதான் தூங்குனா அத்தை. நீங்கதான் போன்ல சொன்னியளாம். அதோட தள்ளுனா மெதந்துருவாளேன்னு... வேர்க்குதே, கழட்டி விடவான்னு எழுப்பிக் கேட்டேன். பொறவு அதைத் தனியாக் கடல்ல வீசிட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. தூக்கக் கலக்கத்துல, கழட்டுறதுக்குத் தோதா ரெண்டு கையையும் தூக்கிக் குடுத்தா.”